ஒன்பதாம் நம்பர் பெட்டிகள்

போன வாரம் கம்பெனி ஜீப் சின்னவன் வீட்டு வாசலில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனதோடு நிறுத்தியிருந்தோம். பாதியில் வந்து சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்தே படிப்பவர்கள் அதற்குள் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

பதினான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு. எல்லாருக்கும் கையகல நிலம்தான். அதில் குட்டி வெள்ளரி போடுகிறார்கள். விரல் நீளத்துக்குள் இருக்கும்போதே பறித்து வினிகர் பாட்டிலில் அடைத்து எங்கோ அனுப்புகிற சாதி. வாங்குவது ஒரே கம்பெனி. விதை கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது, முதுகு மட்டும் இவர்களுடையது. இந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் கூட்டாண்மை.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். பெட்டியில் அந்த நம்பர் சீட்டு இருந்தால்தான் காயை எடுப்பார்கள். நம்பர் போய்விட்டால் அந்தக் காயை வேறு யாரும் சீந்தமாட்டார்கள். சின்னவன் வீட்டு நம்பர் ஒன்பது.

அந்த ஒன்பதாம் நம்பர் பெட்டியில்தான், அடிக்கவே கூடாத ஒரு மருந்து இருப்பதாகப் பரிசோதனையில் வந்துவிட்டது. சின்னவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். சத்தியம் உண்மைதான். அவன் அடிக்கவில்லை. "வியாழக்கிழமை வர்றேன். கொடியிலிருந்தே நேரா காயை எடுத்துட்டுப் போய் மறுபடி சோதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் கம்பெனி ஆபீசர்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

காலையில் தரம் பிரிக்கும் கொட்டகையில் சின்னவனின் மனைவி நின்றிருந்தாள். கம்பெனி கொடுத்த இரும்பு வளையத்தில் ஒவ்வொரு காயாக நுழைத்துப் பார்ப்பது அவள் வேலை. நுழைந்தால் பாட்டிலுக்கு, நுழையாவிட்டால் குப்பைக்கு. அதனால் அவளை எல்லாரும் வளையக்காரி என்றே கூப்பிடுவார்கள். அவளுக்கும் அது பழகிவிட்டது.

அன்றைக்கு அவள் கை வேலை செய்ததே தவிர, மனசு அதில் இல்லை. ஏனென்றால் ஒன்பதாம் நம்பர் பெட்டியில் இருந்தது யார் வீட்டுக் காய் என்பது அவளுக்குத் தெரியும்.

தொடர்ந்து மூன்று வாரம் எடை குறைந்தால் நம்பரை ரத்து செய்வார்கள். சின்னவன் காட்டில் கொடி மஞ்சளடித்து இரண்டு வாரம் எடை குறைந்துபோயிருந்தது. மூன்றாவது வாரமும் குறையும் என்று தெரிந்ததும் அவள் என்ன செய்தாள்? புருஷனுக்குத் தெரியாமல் அவனுடைய அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றாள். மோட்டார் தண்ணீர்த் தகராறில் அண்ணன் தம்பி இருவரும் முகம் கொடுத்துப் பேசியே பல மாதம் ஆகிறது. "நாலு பெட்டி குடுங்க மாமா, அடுத்த பறிப்புல திருப்பித் தந்துடறேன்" என்று கேட்டாள். உப்பு இல்லாத வீட்டுக்கு உப்பும் கூலிக்கு ஆள் இல்லாத வீட்டுக்குக் கையும் கொடுத்துப் பழகியவர்கள் இவர்கள். பெட்டியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். கம்பெனி அகராதியில் அதற்கு மோசடி என்று பெயர்.

பெரியவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். ஒன்பதாம் நம்பர் சீட்டை அவளே ஒட்டினாள். "கீழ்ப்பக்கம் நல்லா காய்ச்சிருக்குங்க" என்று சின்னவனிடம் சொன்னபோது அவன் பூரித்துப்போய்விட்டான்.

பெரியவன் இப்போது கொட்டகைக்குள் வந்தான். அவன்தான் குழுவின் லீடர். பெரியவனுக்குக் கோபமே வராது, குரல் உயராது. இங்கே எல்லாரும் அதைப் பெருந்தன்மை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

"என்னம்மா, மூஞ்சி வாடிக் கிடக்கு? சாப்பிட்டியா?"

"மாமா, அந்த நாலு பெட்டி..."

"எந்த நாலு பெட்டி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் அதே சிரிப்பு.

"நீங்க குடுத்தீங்களே. அதுல மருந்து அடிச்சிருந்தீங்களா மாமா?"

"அடிச்சேன். புழு விழுந்துச்சு. கம்பெனி மருந்துக்கு அது சாகல." ராத்திரி மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான்.

"தெரிஞ்சேவா எங்களுக்குக் குடுத்தீங்க?"

"லீடர் பெட்டியை வாரா வாரம் சோதிக்கிறாங்க. மத்தவங்க பெட்டியில குலுக்கிப் போட்டு ஒண்ணே ஒண்ணு எடுக்கறாங்க. என் நம்பர்ல அனுப்பினா கண்டிப்பா மாட்டும், உன் நம்பர்ல அனுப்பினா மாட்டாதுன்னு நெனச்சேன். உங்க நேரம், மாட்டிக்கிச்சு."

உங்க நேரமாம்.

"அப்போ நீங்களே வந்து சார்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேனே. தாராளமா சொல்றேன்." பெரியவன் மேசையிலிருந்து ஒரு காயை எடுத்துக் கடித்தான். "சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? பெட்டி மாத்துனா ஒரு வீட்டுத் தப்பு இல்ல, குழுவோட தப்பு. பதினாலு நம்பரையும் அடிச்சிடுவாங்க. மூணாம் நம்பர் யாரு? உங்கப்பா. இந்த வயசுல அவர் எங்க போவாரு? சீட்டு ஒட்டுனது யாரு? கம்பெனி சம்பளம் வாங்கற நீ. அப்புறம் என் தம்பி. அவனுக்குத் தெரியாம என் கொல்லையில வந்து கை நீட்டி நின்னியே, அதையும் சேர்த்துத்தானே சொல்லணும்?"

அவள் எடுத்த காயை வளையத்தில் நுழைக்காமல் அப்படியே வைத்தாள்.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அவன் காட்டுக் காயைச் சோதிச்சா சுத்தமாத்தான் வரும். வந்துச்சுன்னா, அப்போ பெட்டியில இருந்தது யாரு காய்னு நோண்டுவாங்க. அதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரனை ஒத்துக்கச் சொல்லு. ஒரு நம்பரோட போயிடும்."

"அவர் அடிக்கவே இல்லையே மாமா!"

"தெரியும். அதனாலதான் அவன்கிட்ட சொல்லாம உன்கிட்ட சொல்றேன்."

மீதிக் காயைக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனான்.

மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தபோது சின்னவன் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். துவைத்த சட்டை கொடியில் தயாராகத் தொங்கியது. கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

"வந்துட்டியா? சார் மூணு மணிக்கு வந்துடுவாரு. காட்டைப் பாத்தியா? ஒரு இலையில சொட்டு மருந்து இருக்குமா? நக்கிப் பாக்கச் சொன்னாக்கூட நக்கிக் காட்டுவேன்."

"ஏங்க..."

"என்ன?"

"ஒருவேளை... நீங்களே அடிச்சதா ஒத்துக்கிட்டா சின்னதா அபராதம் கிபராதம் போட்டு விட்டுடுவாங்களோ என்னவோ."

ரேசர் கன்னத்திலேயே நின்றது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? செய்யாததை நான் ஏன் ஒத்துக்கணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"இன்னைக்கு அந்தப் பெரிய மனுஷன் மூஞ்சியைப் பாக்கணும் நான். போன வாரம் ரிப்போர்ட் வந்தப்ப பதிமூணு பேர் முன்னாடி என்னை எப்படிப் பாத்தான் தெரியுமா? திருடனைப் பாக்கற மாதிரி. தோத்தாலும் தோப்பேன், அவன்கிட்ட போய் நிக்கமாட்டேன். அவன் காட்டுக் காய் ஒண்ணு என் வாசலை மிதிச்சிருந்தா இதோ இந்த மீசையை இப்பவே எடுத்துடறேன்."

அவன் அந்தப் பேச்சை ரசித்துச் சிரித்தான். அவளையும் சிரிக்கச் சொல்லிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் இந்நேரம் அவளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். கூடப் படுக்கும் மனுஷனிடம் நல்லது செய்வதாக நினைத்து ஒன்றை மறைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது தொண்டையில் எங்கே சிக்கும் என்று. அவள் போய்ச் சோற்றை எடுத்துவைத்தாள்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் எல்லாரையும் "பார்ட்னர்" என்றே கூப்பிடுவார். அதனால் இவர்களும் அவருக்குப் பார்ட்னர் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல மனுஷர்தான். செருப்பில் மண் ஒட்டினால் மட்டும் முகம் சுளிப்பார்.

குழு முழுக்க வரப்பில் வந்து நின்றது. பெரியவன் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வளையக்காரியின் அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மருமகனுக்குப் பக்கத்தில் நின்றார்.

பார்ட்னர் சார் கையுறை மாட்டி, காட்டின் நாலு மூலையிலும் காய் பறித்து, ஒரு பையில் போட்டு ஒட்டினார். சின்னவன் பின்னாலேயே போய், "இங்கேயும் எடுங்க சார், அங்கேயும் எடுங்க சார்" என்று காட்டினான். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பையை ஒட்டி முடித்ததும் ஆபீசர் திரும்பினார்.

"பார்ட்னர்ஸ், ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. இந்தப் பையில மருந்து இருந்தா, பிரச்சினை ஒன்பதாம் நம்பரோட முடிஞ்சுது. மருந்து இல்லேன்னா, அன்னைக்கு ஒன்பதாம் நம்பர் பெட்டியில வேற யாரோட காயோ இருந்திருக்கு. அப்படின்னா நீங்க பெட்டி மாத்தறீங்க. அப்போ எந்த நம்பரையும் நம்ப முடியாது. குழுவையே எடுத்துடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பதினாலையும்."

வரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சின்னவன் பக்கம் திரும்பினார்கள்.

சின்னவனுக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. சுத்தமான காட்டைக் காட்டிக் காட்டி அவன் எல்லாருக்கும் குழி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"நான் பெட்டி எதுவும் மாத்தல சார். என் காயைத்தான் அனுப்பினேன்."

"அப்போ மருந்து எப்படி வந்துச்சு?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"டேய், அடிச்சிருந்தா அடிச்சேன்னு சொல்லித் தொலையேன்."

"அடிக்காம எப்படிடா சொல்றது?"

"உன் ஒருத்தன் ரோஷத்துக்கு நாங்க எல்லாரும் பிள்ளைகுட்டியோட தெருவுல நிக்கணுமா?"

ஆளாளுக்குக் குரல் ஏறியது. நேற்றுவரை ஒருவர் காட்டில் ஒருவர் களை எடுத்தவர்கள். பெரியவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் காரியம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

வளையக்காரியின் அப்பா மருமகன் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, உங்க காலை வேணும்னாலும் பிடிக்கிறேன். ஒத்துக்கோங்க. என் நம்பரும் போச்சுன்னா எனக்கு வேற நாதி கிடையாது."

"நீங்களுமா மாமா?"

"உங்களைத் தப்பாச் சொல்லல. சும்மா வாய் வார்த்தையா ஒத்துக்கோங்கன்னு சொல்றேன்."

"என்னால முடியாது."

அதற்குள் ஒருவன் சின்னவனின் துவைத்த சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். இன்னொருவன் பின்னாலிருந்து தள்ளினான். ஆபீசர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இரண்டடி தள்ளிப்போனார்.

"நான்தான் அடிச்சேன்."

எல்லாரும் திரும்பினார்கள். வளையக்காரி கொடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"அவருக்குத் தெரியாது. நான்தான் வாங்கிட்டு வந்து அடிச்சேன். புழு விழுந்துச்சு. கம்பெனி மருந்துக்கு அது சாகல."

பெரியவனின் வார்த்தைகள் அவள் வாயிலிருந்து அப்படியே வந்தன. பெரியவன் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டான், பாடம் ஒப்பித்த பிள்ளையைப் பார்த்து வாத்தியார் ஆட்டுவதுபோல.

சின்னவன் அவளையே பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். யார் இவள் என்று கேட்பதுபோல இருந்தது.

"ஒத்துக்கிட்டது ரொம்ப நல்ல விஷயம். நேர்மையைக் கம்பெனி மதிக்குது" என்றார் பார்ட்னர் சார். ஒட்டிய பையைப் பிரித்து, காய்களை வரப்போரம் கொட்டினார். "இனிமே இது தேவையில்லை."

சுத்தமான காய்கள். அவன் பக்கத்து உண்மை மொத்தமும் அவ்வளவுதான். மண்ணில் கிடந்தது.

"விதிப்படி கொடியை இன்னைக்கே பிடுங்கியாகணும். எல்லா பார்ட்னர்ஸும் கை குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிடும். அப்புறம், குழுவோட மொத்த எடை குறையக் கூடாது. ஒன்பதாம் நம்பரை லீடரே சேர்த்துப் பாத்துக்கட்டும்."

"பாத்துக்கறேன் சார்" என்றான் பெரியவன், பாரத்தைச் சுமக்க ஒப்புக்கொள்கிறவன் குரலில்.

ஆபீசர் வளையக்காரிக்கு முன்னால் கையை நீட்டினார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு இடுப்பிலிருந்து இரும்பு வளையத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பிடுங்கினார்கள். பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகளைப் பந்தலோடு இழுத்துப் போட்டார்கள். முதலில் தயங்கின கைகள் பிறகு வேகம் பிடித்தன. வளையக்காரியின் அப்பாவும் குனிந்து பிடுங்கினார். மகளைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை. அழுதிருந்தாலும் அதைத் தியாகம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் சின்னவன் வெறும் மண்ணில் நின்றிருந்தான். பெரியவன் போய் அவன் தோளில் கை போட்டான்.

"வாடா, வீட்டுக்கு வா. உனக்கு நான் இல்லையா?"

அவ்வளவு நாள் வைராக்கியமும் அந்த ஒரு வார்த்தையில் பொடிப்பொடியாகிவிட்டது. "அண்ணே" என்று சின்னவன் அவன் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். சுற்றி நின்றவர்களுக்குக் கண் கலங்கியது. அண்ணன் தம்பி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சேர்ந்து நடந்தார்கள். சின்னவன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டிய பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் அடுப்பே பற்றவைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசினான்.

"அண்ணனை நான் தப்பா நெனச்சுட்டேன். நாளையிலேர்ந்து அவர் காட்டுக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்காரு. நம்ம நிலத்தையும் அவரே போட்டுப் பாத்துக்கறேன்னாரு."

"ம்."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மருந்து டேங்க்ல தண்ணி ரொப்பினா உன்னால தூக்க முடியாது. போன வருஷம் முதுகுல ஏத்திவிட்டேன், நாலடி நடக்கல, அப்படியே உக்காந்துட்டே. காடு முழுக்க நீ ஒத்தையா அடிச்சிருக்க முடியாது."

அவள் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாம என் காட்டுக்கு வந்து அடிச்சுக் குடுத்தவன் யாரு?"

அவன் என்ன கேட்கிறான் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்தபோது உடம்பு கூசிப்போனது.

"என்ன பேச்சு இது? இதை நீங்களா கேக்கறீங்க?"

"எனக்குத் தோணவே இல்ல. அண்ணன்தான் கேட்டாரு. 'ஒத்தைப் பொம்பளை எப்படிடா அடிச்சிருப்பா, யோசிச்சியா?'ன்னாரு."

அவளுக்குள் ஏதோ அறுந்தது. அப்பா நம்பர், பதிமூன்று வீடு, கொல்லைப்புறத்தில் நின்ற வெட்கம் எல்லாம் ஒரு பக்கம் போய் விழுந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எடை குறைந்தது, போய்க் கேட்டது, நாலு பெட்டி வாங்கியது, சீட்டு ஒட்டியது, காலையில் கொட்டகையில் பெரியவன் பேசியது. ஒன்று விடாமல் சொன்னாள்.

"அடிச்சது உங்க அண்ணன். நம்ம காட்டுல யாரும் காலே வைக்கல."

சின்னவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் சிரித்தான். மத்தியானம் கண்ணாடி முன்னால் சிரித்த அதே மனுஷன்தான்.

"கேட்டா என் பேரைத்தான் சொல்லுவா பாருன்னு அண்ணன் சாப்பிடும்போதே சொல்லிட்டாரு."

வளையக்காரி அவனையே பார்த்தாள். இவனுக்குப் பயந்தா இவ்வளவையும் மறைத்தோம் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

"குழு மொத்தமும் இப்ப அண்ணன் வீட்லதான் உக்காந்திருக்கு" என்றான் அவன். "தைரியமிருந்தா அவங்க முன்னாடி வந்து சொல்லு, பாப்போம். உங்கப்பாவும் இருக்காரு."

இவள் சொல்வது உண்மையாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளும் பதிமூன்று வீடுகள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. அது அவனுக்கும் தெரியும்.

அவள் எழுந்து, அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் படியிறங்கினாள்.